கோயிலுக்கு எடுத்து வைத்த அரிசி

பார்த்தீங்களாம்மா அந்த பிளக்ஸை? இப்ப போச்சே, பெட்ரோல் பங்க் பக்கத்துல. பஸ் போன வேகத்துல படிச்சிருக்க மாட்டீங்க, நான் சொல்றேன். 'மூன்று சபை, ஒரே அடுப்பு. நான்காம் ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகை.' கீழே வரிசையா மூஞ்சிங்க. ஐயர் மூஞ்சி இருக்கு. ராக்கேல் மூஞ்சி இருக்கு. எங்க வீட்டு எப்சி மூஞ்சிகூட இருக்கு, பல்லைக் காட்டிக்கிட்டு. ஆரம்பிச்சவ மூஞ்சியைத்தான் காணோம். ஆரம்பிச்சவ இதோ, உங்க பக்கத்துல பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

சுகிர்தம் டீச்சர்னு கரையூர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. இப்ப சொல்வாங்களோ என்னமோ. அப்ப சொல்வாங்க.

நீங்க கிறிஸ்தவங்களா? இல்லையா, பரவால்ல. புரியிற மாதிரியே சொல்றேன். நாங்க லுத்தரன். எங்கள்ல போதகரை ஐயருன்னுதான் கூப்பிடுவோம், அந்தக் காலத்துப் பழக்கம். டவுன்ல இருக்கிற எங்க கோயில்தான் பெரிய கோயில். வெள்ளைக்காரன் கட்டினது. கட்டினப்ப பணம் கொடுத்தவங்க பேரைக் கல்லுல வெட்டியிருக்கு, அதுல எங்க வீட்டுக்காரரோட பாட்டனார் பேரு ரெண்டாவது. அது இல்லாம ஆலக்குளத்துல ஒரு சபை, வயல் வேலைக்குப் போறவங்க. கடலோரமா துறைக்காட்டுல ஒண்ணு, மீன் பிடிக்கிறவங்க. மூணு சபைக்கும் ஒரே ஐயர்தான். ஆனா ஒரு சபைக்காரங்க வீட்டு வாசப்படியை இன்னொரு சபைக்காரங்க மிதிச்சது கிடையாது. ஜாதியெல்லாம் இல்லம்மா. சத்தியமா இல்ல. பெரிய பண்டிகைக்கு மூணு சபையும் சேர்ந்தா திருவிருந்துல ஒரே கிண்ணத்துலதான் குடிக்கிறோம். முதல்ல நாங்க, அப்புறம் அவங்க. வரிசைன்னு ஒண்ணு வேணும்ல? அவ்வளவுதான்.

அந்தப் புயல் வந்திச்சே, அந்த வருஷம். உங்க ஊர்ப்பக்கம் எப்படியோ, எங்க பக்கம் ஒரு தென்னை மிச்சமில்ல. கதிர் வந்த நெல்லு தண்ணிக்குள்ள முளைச்சுக் கிடந்திச்சு. துறைக்காட்டுல படகெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி விறகாப் போச்சு. வயலும் இல்ல, கடலும் இல்ல. முதல் ரெண்டு வாரம் லாரி லாரியா வந்தாங்க. ரொட்டி, தண்ணி பாட்டில், பழைய துணி. அப்புறம் டிவிக்காரங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க, லாரியும் நின்னு போச்சு. சனங்க ஒருவேளைக் கஞ்சிக்கு வந்துட்டாங்க. ஆலக்குளத்துல ஒரு பெண்ணு பிரசவத்துக்குப் போன இடத்துல, 'கடைசியா எப்பம்மா சாப்பிட்டே'ன்னு நர்ஸ் கேட்டதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லிச்சாம்.

அப்பதான் பெண்கள் சங்கக் கூட்டத்துல நான் எழுந்திரிச்சேன். சங்கத் தலைவி நான்தானே. 'பிடியரிசியைத் திரும்பக் கொண்டாருவோம்'னேன். உலை வைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியா ஒரு வாளியில போடணும். அது ஆண்டவருக்கு. வாரக் கடைசியில கோயிலுக்குக் கொண்டு போகணும். எங்க மாமியார் காலத்துல இருந்தது, எங்க காலத்துல கவர்ல பத்து ரூபா போடறதாப் போச்சு. 'கவர் வேண்டாம், அரிசி கொடுங்க, மூணு சபையும் கொடுக்கட்டும், ஒரு இடத்துல பொங்கிப் போடுவோம்'னேன். ஐயர் அப்படியே உருகிப் போயிட்டாரு. சின்ன வயசு ஐயர், தியோடர்னு பேரு, எதைச் சொன்னாலும் உருகுவாரு. ஆலக்குளத்துல அந்தப் பழக்கம் விடவே இல்லையாம், அன்னி வரைக்கும் பிடியரிசி எடுத்துக்கிட்டுதான் இருந்தாங்களாம். இருந்துட்டுப் போகட்டும். எழுந்து நின்னு சொன்னது யாரு?

டவுன்ல இருந்து அரிசி, பருப்பு, எண்ணெய். துறைக்காட்டுல இருந்து கருவாடு. பாவம், அவங்ககிட்ட அதுதான் இருந்திச்சு, புயலுக்கு முந்தி காயவெச்சது. ஆலக்குளத்துல இருந்து ரேஷன் அரிசி, விறகு, அப்புறம் வேலை செய்ய ஆளுங்க. விழுந்த மரத்தையெல்லாம் வெட்டி வண்டி வண்டியாக் கொண்டாந்தாங்க. எங்க கோயில் ஹால்ல அடுப்பு மூட்டினோம். முதல் நாள் சாம்பார் கொதிச்ச வாசனைக்குத் தெருவே வந்து நின்னிச்சு. நான் அழுதேம்மா. பொய் சொல்லல, அழுதேன்.

தனிப்பானை வெச்சதுக்கு அப்புறம் என்னென்னமோ பேசினாங்க. நீங்களே சொல்லுங்க, ரேஷன் அரிசி வேகறதுக்கு ஒரு நேரம், நம்ம பொன்னி அரிசி வேகறதுக்கு ஒரு நேரம். ஒண்ணாப் போட்டா ஒண்ணு குழையும், ஒண்ணு நிக்கும். அதுக்காக ரெண்டு பானை. அவங்கவங்க கொடுத்ததை அவங்கவங்களுக்குப் போட்டோம். இதுல என்ன குத்தம்?

அந்த ராக்கேல்தான் முதல்ல ஆரம்பிச்சா. ஆலக்குளத்துப் பொம்பளைங்களுக்கு அவதான் தலைவி மாதிரி. நடவுக்குப் போறவ, கொரலு வயலுக்கு அந்தக் கரை கேக்கும். 'டீச்சரம்மா, சோறு சோறுதானே, கலந்து பொங்குனா என்ன?'ன்னா. 'உனக்குத் தெரியாதும்மா'ன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். அப்புறம் வாசல்ல நான் நின்னதுக்கு ஒரு பேச்சு. யாராவது நிக்கணும்ல? ஊரே சாப்பிட வந்துட்டா இல்லாதவனுக்கு எங்க மிஞ்சும்? ஒருத்தி காதுல தோடோட வந்தா. 'தோட்டை வித்தா ஒரு மாசம் சாப்பிடலாமே'ன்னேன். அவ திரும்பிப் போயிட்டா. ராக்கேல் கரண்டியைப் போட்டுட்டு அவ பின்னாலயே ஓடினா, கூட்டிக்கிட்டு வந்து உக்கார வெச்சா. 'தாலி போன பொம்பளைம்மா அது, தோடு ஒண்ணுதான் அவ புருஷன் வாங்கிக் கொடுத்தது'ன்னா. எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?

சாப்பாடு முடிஞ்சதும் சமைச்சவங்க எல்லாரும் அங்கேயே உக்காந்து சாப்பிடுவாங்க. என்னையும் கூப்பிடுவாங்க. எனக்கு சுகரும்மா. நேரத்துக்கு வீட்டுச் சாப்பாடு சாப்பிடணும்.

இப்ப எப்சிக்கு வர்றேன். எப்சிபான்னு பேரு, என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. கொழுந்தனார் தங்கையா எதுலயும் நிலைச்சு நிக்காத மனுஷன், அல்பாயுசுல போயிட்டாரு. பிள்ளை குட்டி கிடையாது. எங்க வீட்டுப் பின்கட்டுலதான் இவ இருந்தா. நாங்கதான் விட்டு வெச்சிருந்தோம். பாகம்னு பார்த்தா அவளுக்கும் உண்டுதான், ஆனா அதையெல்லாம் யாரும் பேசிக்கிறதில்ல. ஜாக்கெட் தைப்பா, ஸ்கூல் யூனிபாரம் தைப்பா. அவபாட்டுக்கு இருப்பா. புயல்ல பின்கட்டு ஓடு பறந்து, தையல் மெஷின் தண்ணியில முழுகிப்போச்சு. துருப்பிடிச்ச மெஷினைத் துடைச்சு துடைச்சு வெச்சுக்கிட்டு இருந்தா. அதோட, புயலடிச்ச ஊருல யாரு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறது?

அவளுக்கு என்ன குறைன்னு நான் நினைச்சேன். ஒத்தை உயிரு. எங்க வீட்டுக்காரர் ஒருநாள், 'என்ன, பின்கட்டுல குக்கர் சத்தமே கேக்கலையே'ன்னாரு. 'கேஸ் தீர்ந்திருக்கும்'னேன். எனக்கு அப்ப தலைக்குமேல வேலை. காலையில போனா மூணு மணிக்குத்தான் வருவேன். ஊருக்கே சோறு போடறவ பின்கட்டை எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?

தபசுக்காலத்துல, அதான் ஈஸ்டருக்கு முந்தி வர்ற நாப்பது நாள்ல, திருச்சபைத் தலைமைப் பெரியவங்க வந்தாங்க. வெளிநாட்டுல இருந்தும் ஒரு அம்மா, நல்ல உயரம், தலையெல்லாம் வெள்ளை. மூணு சபை சேர்ந்து பசியை விரட்டுதாமே, நேர்ல பார்க்கணும்னு வந்தாங்க. அன்னிக்குப் பார்த்து ஐயர் பந்தியை ஆலக்குளத்துல வெச்சுட்டாரு. 'பசி இருக்கிற இடத்துல அடுப்பு இருக்கட்டும் டீச்சர்'னாரு. நான் வேண்டாம்னேன், கேக்கல. சரின்னு பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டு நானும் போனேன். பந்தல் போட்டு, பாய் விரிச்சு, இலை போட்டிருந்தாங்க. அந்த வெளிநாட்டு அம்மாவுக்குப் பக்கத்துல நின்னு நான் சாம்பார் ஊத்திக்கிட்டே வர்றேன். கேமராக்காரன் பின்னாலயே வர்றான்.

வரிசையில பாதி தூரம் வந்திருப்பேன். ஒரு இலை முன்னால ஒரு கை. சுட்டுவிரல்ல ஊசி குத்தி ஊசி குத்தித் தடிச்சுப்போன கை. நிமிர்ந்து பார்த்தா எப்சி. நல்லாத் துவைச்ச புடவை, தலையில எண்ணெய் வெச்சு வாரியிருக்கா. ஆலக்குளத்துப் பொம்பளைங்க நடுவுல, ராக்கேலோட மாமியாருக்குப் பக்கத்துல, சம்மணம் போட்டு உக்காந்திருக்கா.

குனிஞ்சு, மெதுவா, 'ஏய் எப்சி, இங்க என்னடி பண்றே? பரிமாறவா வந்தே? எழுந்திரு'ன்னேன்.

'சாப்பிட வந்தேன்க்கா'ன்னா.

'விளையாடாதே. பெரியவங்க வந்திருக்காங்க. எழுந்திரு.'

'தெனமும் பந்திச் சோறுதான்க்கா சாப்பிடறேன். டவுன் ஹால்ல இருந்து ராக்கேல் எனக்குத் தூக்குல எடுத்து வெச்சுக் கொடுக்கும்.'

கையைப் பிடிச்சு இழுத்தேன். ரொம்ப இழுக்கல. வாளி சாய்ஞ்சு சாம்பார் அவ மடியில கொட்டிப்போச்சு. அவ கத்தல. பக்கத்துல இருந்த கிழவிதான், 'ஐயோ சூடு'ன்னு முந்தானையால துடைச்சா. ராக்கேல் வந்துட்டா. 'டீச்சரம்மா, பந்தியில உக்காந்தவங்களை எழுப்பாதீங்க. எங்க பக்கம் அது பெரிய பாவம்'ன்னா. அவ பக்கமாம்! யாரு வீட்டுப் பொம்பளைக்கு யாரு பேசறது?

அந்த வெளிநாட்டு அம்மா ஐயர்கிட்ட என்னமோ கேட்டாங்க. அவரு என் பக்கம் திரும்பி, 'இவங்க யாருன்னு கேக்கிறாங்க டீச்சர்'னாரு. கேமராக்காரன் நிக்கிறான். திருச்சபைப் பெரியவங்க எல்லாம் நிக்கிறாங்க. கோயில் கல்லுல பேரு இருக்கிற குடும்பம் எங்க குடும்பம்.

'தெரியாதுங்க. ஆலக்குளத்துச் சபைக்காரங்க'ன்னேன்.

வேற என்னம்மா சொல்லச் சொல்றீங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

எப்சி என்னைப் பார்த்தா. அழுவா, இல்ல ஏதாவது சொல்லிச் சந்தி சிரிக்க வைப்பான்னு நினைச்சேன். 'ஆமாங்கய்யா, ஆலக்குளம்தான்'னு ஐயரைப் பார்த்துச் சொல்லிட்டு, இலையில இருந்த சோத்தைப் பிசைய ஆரம்பிச்சுட்டா. ஐயருக்கு அவளை நல்லாத் தெரியும். அவரு வாயே திறக்கல. நான் வாளியைக் கீழே வெச்சுட்டு ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலமே ஒரு மூட்டை அரிசியை வேலைக்காரி தலையில ஏத்திப் பின்கட்டுக்கு அனுப்பினேன். நல்ல பொன்னி. அரைமணி நேரத்துல அதே மூட்டை ஒரு சைக்கிள் கேரியர்ல எங்க வாசலைத் தாண்டிப் போகுது. 'பந்திக்குக் கொடுத்துட்டாங்கம்மா'ன்னு வேலைக்காரி சொல்றா. எனக்கு வந்த ஆத்திரத்துல நேரா போய் நின்னேன். அவ புண்ணுக்கு மருந்து போட்டுக்கிட்டு இருந்தா. தொடையில கொப்புளம்.

'ஏண்டி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் கொடுத்திருக்க மாட்டேனா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? என் மானத்தை வாங்கணும்னே போய் உக்காந்தியா?'

அவ நிதானமாச் சொன்னா. 'கேட்டேன்க்கா. புயலடிச்ச அடுத்த மாசம். கொல்லைக் கதவுகிட்ட வந்து ஒரு ஆழாக்கு அரிசி கேட்டேன். உங்க காலடியில வாளி நிறைய அரிசி இருந்திச்சு. அது கோயிலுக்கு எடுத்து வெச்சது, தொடாதே, வீட்டு அரிசி இன்னும் மூட்டை பிரிக்கலைன்னீங்க.'

வந்தா, வாஸ்தவம்தான். இல்லைங்கல. ஆனா நான் என்ன நினைச்சேன்? அவசரத்துக்குக் கடன் கேக்கிறா, கடைக்குப் போகச் சோம்பல்பட்டுக்கிட்டு வந்திருக்கான்னு நினைச்சேன். காணிக்கை அரிசிம்மா அது! பசிச்சவங்களுக்குன்னு ஆண்டவர் பேரைச் சொல்லி எடுத்து வெச்சது. அதுல கையை விட்டு வீட்டு மனுஷிக்கு எடுத்துக் கொடுத்தா நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க? கேட்டா ஒழுங்காக் கேக்கணும். 'அக்கா, பசிக்குது'ன்னு சொல்லணும். ஒரு ஆழாக்கு அரிசி கொடுங்கன்னா யாருக்கு என்ன புரியும்?

இதையேதான் அவகிட்டயும் சொன்னேன். அவ சிரிச்சா. சிரிச்சாம்மா! அடுத்த வாரமே பெட்டியை எடுத்துக்கிட்டு ஆலக்குளத்துக்குக் குடி போயிட்டா. ராக்கேல் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம். அங்கேயே சமையல், அங்கேயே சாப்பாடு. எங்க குடும்பத்துப் பொம்பளை, அந்தத் தெருவுல!

பெண்கள் சங்கத்துல பேச்சு எழுந்திச்சு. ஐயர் வந்து, 'இனிமே அடுப்பு ஆலக்குளத்துலயே இருக்கட்டும், ஒரே பானையாப் பொங்கலாம், வாசல்ல யாரும் நிக்க வேண்டாம்'னாரு. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வேண்டாம் டீச்சர், நீங்க இல்லாம எப்படின்னு சொல்வாங்கன்னு பார்த்தேன். 'கர்த்தர் உங்களுக்கு ஓய்வைத் தரட்டும்'னு ஐயர் ஜெபம் பண்ணி முடிச்சுட்டாரு. நான் கைபிடிச்சு வளர்த்த பொம்பளைங்க, கிறிஸ்டபெல், தாவீதம்மா, எல்லாரும் ஆலக்குளத்துக்கு நடையாய் நடக்கிறாங்க. அங்க போய் வெங்காயம் உரிக்கிறாங்க, அங்கேயே பந்தியில உக்காந்து சாப்பிடறாங்க. துறைக்காட்டுக்காரங்களுக்குப் படகு வந்ததும் பச்சை மீனாவே கொண்டாந்து கொட்டறாங்களாம். இப்ப மூணு சபைன்னு இல்ல, வேற வேற சபைக்காரங்க, அம்மன் கோயிலுக்குப் போறவங்க, பள்ளிவாசலுக்குப் போறவங்க எல்லாரும் அரிசி கொடுக்கிறாங்களாம். கொடுக்கட்டும். நல்ல காரியம்தானே. நான் வேண்டாம்னா சொல்றேன்?

எங்க வீட்டுக்காரரும் போக ஆரம்பிச்சாரு. அவரு தபாலாபீஸ்ல இருந்தவரு, அதிர்ந்து பேச மாட்டாரு. சாம்பார் கொட்டின விஷயம் தெரிஞ்சதுல இருந்து என்கிட்ட அளந்துதான் பேசினாரு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா நேரா ஆலக்குளம். 'சாப்பாடு போட்டு வெச்சிருக்கேன்'னா, 'நான் அங்க சாப்பிட்டுட்டேன் சுகிர்தம்'பாரு. கறிக்குழம்பு வெச்சுட்டு உக்காந்திருப்பேன். 'எப்சி ரசம் எங்க அம்மா வெச்ச மாதிரியே இருக்கு'ன்னு ஒருநாள் சொன்னாரு. நாப்பது வருஷம் என் ரசத்தைக் குடிச்ச மனுஷன்.

போன ஆடியில அவரு போயிட்டாரு. காபி குடிச்சுக்கிட்டே இருந்தவரு, டம்ளரைக் கீழே வெச்சுட்டுச் சாய்ஞ்சாரு, அவ்வளவுதான். மக ராத்திரி ரயில் ஏறி மறுநாள்தான் வந்து சேர்ந்தா. சாவு வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாதுல்ல? உறவுக்காரங்க யாராவது கொண்டு வரணும். எனக்கு உறவுக்காரங்க எல்லாம் மெட்ராஸ்லயும் பெங்களூர்லயும். ஃபோன்ல அழுதாங்க. சோறு எங்க வரும்?

மத்தியானம் ஒரு டெம்போ வந்து நின்னிச்சு. ஆலக்குளத்துல இருந்து. அண்டா அண்டாவா இறக்கினாங்க. ராக்கேல், துறைக்காட்டுப் பொம்பளைங்க, எங்க டவுன் பொம்பளைங்க, எல்லாரும் சேர்ந்துதான் வந்தாங்க. வந்த சனம் மொத்தத்துக்கும் வாசல்லயே பந்தி போட்டாங்க. எங்க வாசல்லம்மா! எங்க வீட்டுப் படி ஏறாத சனமெல்லாம் அன்னிக்கு ஏறி இறங்கிச்சு. பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து ராக்கேல் ஓன்னு அழுதா. 'அய்யா, எங்களோட ஒரே பாயில உக்காந்து தின்னீங்களே அய்யா'ன்னு மாரடிச்சு அழுதா. எனக்கே அவ்வளவு அழுகை வரல.

எப்சி உள்ளே வந்தா. பின்கட்டை விட்டுப் போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் வந்தா. கையில ஒரு தட்டு. என் முன்னால கீழே உக்காந்தா. சாதத்துல ரசம் விட்டுக் குழையப் பிசைஞ்சிருந்தா, சின்னப் பிள்ளைக்குப் பிசையிற மாதிரி. 'அக்கா, நேத்துல இருந்து தண்ணிகூடக் குடிக்கலையாமே. பசிக்கும்க்கா, ரெண்டு வாய் சாப்பிடுங்க'ன்னு ஒரு உருண்டையை எடுத்து என் வாய்கிட்ட நீட்டினா.

அந்த ரசத்து வாசனை. பூண்டு, மிளகு, கொத்தமல்லித் தண்டு. அவரு சொன்னது சரிதான், என் மாமியார் ரசம் அப்படியேதான். வாயைத் திறக்கத்தான் போனேன்.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'இதை யாரு சமைச்சது?'ன்னு.

வாய் திறந்து கேட்டது அதுதான். ரசம் நீ வெச்சது தெரியுது, சோறு பொங்கினது யாருங்கிற அர்த்தத்துல. சாதாரணமாத்தான் கேட்டேன். சுகர்காரி, எண்ணெய் உப்பு எல்லாம் பார்த்துத்தானே சாப்பிடணும்?

அவ கை அப்படியே நின்னிச்சு. என் மூஞ்சியவே பார்த்தா. அன்னிக்குப் பந்தியில பார்த்தாளே, அந்தப் பார்வை இல்ல. என்னை நினைச்சுப் பரிதாபப்படற மாதிரி ஒரு பார்வை. உருண்டையைத் தட்டுல வெச்சா. இன்னொரு தட்டை எடுத்து மூடினா. 'இங்கேயே இருக்கட்டும்க்கா. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா. வெளியில போய்ப் பரிமாறிக்கிட்டு இருந்தா. வாசல்ல அத்தனை பேரும் சாப்பிடற சத்தம் கேக்குது. இலை சத்தம், 'இன்னும் கொஞ்சம் போடு'ங்கிற சத்தம், யாரோ குழந்தையை அதட்டற சத்தம்.

நான் தட்டைத் தொடல.

அவரை அடக்கம் பண்ணிட்டு வந்தாங்க. மக மயங்கிப் படுத்துட்டா. நான் உள்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். வர்றவங்களுக்குக் காபியோட கொடுக்கறதுக்குன்னு அலமாரியில மேரி பிஸ்கட் வாங்கி வெச்சிருந்தேன். நமுத்துப் போயிருந்திச்சு. நின்னுகிட்டே தின்னேம்மா. பாக்கெட்டோட தின்னேன். தொண்டையில அடைச்சு, தண்ணி எடுக்க வெளியில போகணும், போனா அவங்க எல்லாரும் பார்ப்பாங்கன்னு, அப்படியே முழுங்கினேன்.

நாலு வருஷமா ஊருக்கெல்லாம் சோறு போடறாங்களாம். பிளக்ஸ் வெச்சிருக்காங்க. நீங்களே சொல்லுங்கம்மா, அன்னிக்கு அந்த வீட்டுல அத்தனை சனம் இருந்திச்சே, 'உனக்குப் பசிக்குதா'ன்னு என்னை ஒருத்தராவது கேட்டாங்களா?